20 கிலோவுக்குள் ஆப்பிரிக்கா

சிங்கம் பார்க்க ஆப்பிரிக்காவின் தென்கோடிக்குப் போகும் குடும்பங்கள் சறுக்குவது எங்கே?

போட்ஸ்வானாவின் மவுன் விமான நிலையம். காலை வெயில் ஏறிவிட்டது. ஓடுதளத்தின் ஓரம் வரிசையாகச் சின்னச் சின்ன விமானங்கள். பெரும்பாலும் செஸ்னா கேரவன். மூக்கில் ஒரே ஒரு புரொப்பெல்லர், உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரலாம். அரைக்கால் சட்டை போட்ட இளம் பைலட் குனிந்து, விமானத்தின் வயிற்றோடு ஒட்டியிருக்கும் சரக்கறையின் கதவைத் திறக்கிறார். பயணிகளின் பைகளை ஒவ்வொன்றாக முழங்காலால் அழுத்தி உள்ளே தள்ளுகிறார். துணிப் பைகள் வளைந்து கொடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக்கொள்கின்றன. அடுத்து வருகிறது நான்கு சக்கரம் வைத்த பளபளப்பான ஃபைபர் சூட்கேஸ். படுக்கவைத்துப் பார்க்கிறார், சாய்த்துப் பார்க்கிறார். ம்ஹூம். பெட்டிக்குச் சொந்தக்காரக் குடும்பம் தரையில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த பையில் துணிமணியை அள்ளிப்போடத் தொடங்குகிறது. முறுக்கு டப்பா ஒரு பக்கம், ஹேர் டிரையர் ஒரு பக்கம்.

மவுனில் இது அபூர்வமான காட்சி அல்ல. பயணத்துக்கு லட்சங்களைக் கட்டியவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்வது ஒரு பையிடம்.

ஆப்பிரிக்க சஃபாரி இப்போது நம் ஊர் டிராவல்ஸ் விளம்பரங்களிலும் தலைகாட்டுகிறது. இந்தியா, சீனாவிலிருந்து வரும் சுற்றுலாக் குழுக்களுக்கு விசாவை எளிதாக்க 2025 ஜனவரியில் தென்னாப்பிரிக்கா ஒரு திட்டம் கொண்டுவந்தது. அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாகக் குழுவாகப் போகிறவர்களுக்குக் காகித வேலை குறைவு. 1926-ல் தேசியப் பூங்காவான க்ரூகருக்கு 2026 நூற்றாண்டு. கல்யாண நாள், அறுபதாம் கல்யாணம், பிள்ளையின் பிளஸ் டூ முடிந்த சந்தோஷம் எனக் கிளம்புவதற்குக் காரணங்களும் நிறைய. பணம் புரட்டுவதில் காட்டும் அக்கறையில் கால்வாசியைத் திட்டமிடுவதில் காட்டினால், அந்தப் பணத்துக்கு இரண்டு மடங்கு பார்த்துவிட்டு வரலாம்.

மே மாதமா, அக்டோபரா?

நம் ஆட்கள் விடுமுறையை வைத்துத்தான் மாதத்தை முடிவு செய்கிறார்கள். ஒன்று பள்ளி மூடும் ஏப்ரல், மே. இல்லையென்றால் ஆயுத பூஜை, தீபாவளியை ஒட்டிய அக்டோபர். இரண்டுமே போகக்கூடிய மாதங்கள்தாம். ஆனால் இரண்டிலும் பார்க்கக் கிடைப்பது வேறு வேறு.

ஆப்பிரிக்காவின் அந்தச் சஃபாரிப் பகுதிகளில் மழை நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை பெய்யும். மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். வறட்சி முற்ற முற்றப் புல் காய்ந்து சாயும், குட்டைகள் வற்றும், மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி விலங்குகள் கூடும். அக்டோபரில் போகிறவருக்கு ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் யானை, எருமை, வரிக்குதிரை எல்லாம் கிடைக்கும். விலை வெயில். ஜாம்பேசிப் பள்ளத்தாக்கில் அந்த மாதம் 40 டிகிரியைத் தொடும். வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஏசி இல்லாத கூடாரத்தில் மதியம் இரண்டு மணிக்குப் படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மே மாதம் நேர் எதிர். மழை நின்று காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும். புல் இன்னும் உயரமாக நிற்கும். சிங்கம் பத்தடியில் படுத்திருந்தாலும் காது மட்டும்தான் தெரியலாம்.

விக்டோரியா அருவியையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 1,700 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம் கொண்ட அந்த அருவியில் ஏப்ரல், மே மாதங்களில்தான் தண்ணீர் உச்சத்தில் கொட்டும். சாரல் எழும்பி அருவியையே மறைத்துவிடும் நாட்களும் உண்டு. போட்டோ எடுக்கப் போனவர் மழைக்கோட்டோடு நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவார். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் பெரும்பகுதி வெறும் பாறைச்சுவர். ஜிம்பாப்வே பக்கம் போனால்தான் தண்ணீர். இது தெரியாமல் அக்டோபரில் ஜாம்பியா பக்கத்து ஓட்டலில் அறை போட்டுவிட்டு ஏமாறுகிறவர்கள் வருடா வருடம் உண்டு.

ஒக்கவாங்கோ கழிமுகத்தின் கதை இன்னும் விநோதம். அங்கோலா மலைகளில் பெய்த மழை மாதக்கணக்கில் மெல்ல வடிந்து, போட்ஸ்வானாவில் துளி மழை இல்லாத ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வந்து சேர்கிறது. ஆறு கடலுக்குப் போகாமல் காலஹாரி மணலிலேயே பரவி முடிந்துபோகிறது. யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1,000-வது இடமாக 2014-ல் சேர்த்தது இந்தக் கழிமுகத்தைத்தான். வெள்ள காலத்தில் அங்கே பல முகாம்கள் தீவாகிவிடும், சாலை கிடையாது. அதனால்தான் அந்தக் குட்டி விமானமும் மண் ஓடுதளமும் 20 கிலோ கணக்கும்.

எடை போடுவது பையை மட்டுமல்ல

பெரும்பாலான விமானங்களில் ஆளுக்கு 20 கிலோ. சில தடங்களில் 15. கைப்பை, கேமரா எல்லாம் சேர்த்துத்தான். பை சக்கரமும் சட்டமும் இல்லாத துணிப்பையாக இருக்க வேண்டும். நீளம் 60 சென்டிமீட்டரை ஒட்டி இருந்தால் சரக்கறைக் கதவுக்குள் போகும். மவுன் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. வெயில் ஏற ஏறக் காற்று லேசாகி, இறக்கையைத் தூக்கும் விசை குறைகிறது. குறுகிய மண் தளத்திலிருந்து எழும்பப் பைலட்டுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. அதனால் முன்பதிவுப் படிவத்தில் உடல் எடையும் கேட்பார்கள். வெட்கப்பட்டுப் பத்துக் கிலோ குறைத்து எழுத வேண்டாம். உண்மையைச் சொன்னால் தேவைப்பட்டவருக்குக் கூடுதல் இருக்கைக்கு ஏற்பாடு செய்வார்கள். மறைத்தால் ஓடுதளத்தில் எல்லார் முன்னிலும் சங்கடம்.

ஜோகன்னஸ்பர்க்கிலோ கேப் டவுனிலோ சில நாள் தங்குகிறவர்கள் பெரிய பெட்டியை அங்கேயே ஓட்டலில் விட்டுவிட்டு, துணிப்பையோடு காட்டுக்குப் போய்த் திரும்பலாம். அதற்குப் போகும் வழியும் வரும் வழியும் ஒரே ஊராக இருக்கும்படி டிக்கெட் போட வேண்டும்.

20 கிலோ எப்படிப் போதும் என்று பயப்படுவோருக்கு: முகாமில் துணி துவைத்துக் கொடுப்பார்கள், பல இடங்களில் அன்றன்றே. மூன்று நான்கு செட் துணி தாராளம். மின்சாரம் குறைந்த முகாம்களில் இன்றும் கரி இஸ்திரிப் பெட்டிதான். ஈரத்துணியில் முட்டையிடும் ஒரு வகை ஈ அங்கே உண்டு. புழு தோலுக்குள் புகுந்து கட்டி கிளப்பும். சூடாகத் தேய்த்தால் முட்டை செத்துவிடும் என்பதால் கைக்குட்டை வரை தேய்த்து மடித்துத் தருவார்கள். உள்ளாடைகளைப் பல முகாம்களில் வாங்கமாட்டார்கள். அடுத்தவர் உள்ளாடையைத் துவைப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. குளியலறையில் சோப்புத்தூள் வைத்திருப்பார்கள். நீங்களே கசக்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

▪ பெட்டிச் செய்தி: பைக்குள் போகட்டும், வெளியே நிற்கட்டும்

போகட்டும்: காக்கி, பழுப்பு, சாம்பல் நிறத் துணிகள். முழுக்கைச் சட்டை. காதை மூடும் குல்லா, மெல்லிய கையுறை, காற்றுப் புகாத ஜாக்கெட். விளிம்பு வைத்த தொப்பி. பழகிய ஷூ. ஆளுக்கொரு பைனாகுலர். தலையில் கட்டும் டார்ச். கொசு மருந்து, சன்ஸ்கிரீன். வழக்கமான மாத்திரைகள், டாக்டர் சீட்டோடு. ஒரு லுங்கியோ பருத்தித் துண்டோ. கழுத்துக்குக் குளிர்காப்பு, கேமராவுக்குத் தூசி மறைப்பு.

நிற்கட்டும்: ராணுவ உருமறைப்புத் துணி. ஜிம்பாப்வே, ஜாம்பியா, போட்ஸ்வானாவில் பொதுமக்கள் இதை அணிவது குற்றம். குழந்தையின் அரைக்கால் சட்டையானாலும் சிக்கல்தான். செட்ஸி ஈ இருக்கும் பகுதிகளுக்குக் கருநீலம், கறுப்பு. அந்த ஈயைப் பிடிக்க வைக்கும் பொறிகளே நீலமும் கறுப்புமான துணியில்தான் செய்யப்படுகின்றன. ட்ரோன், தென்னாப்பிரிக்க தேசியப் பூங்காக்களில் தடை. ஹேர் டிரையர், சூரிய மின்சாரத்தில் ஓடும் முகாமில் இதைச் செருகினால் விளக்கெல்லாம் அணையலாம்.

பிளக்: தென்னாப்பிரிக்காவின் பழைய பிளக் பாயின்ட்டுகள் நம் வீட்டு கீசருக்குப் போடும் பெரிய மூன்று பின் வகை. ஊரிலிருந்து ஒரு 16 ஆம்ப் பிளக், எக்ஸ்டென்ஷன் போர்டு கொண்டுபோனாலே பல இடங்களில் வேலை முடியும்.

ஆப்பிரிக்காவில் குளிருமா?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். க்ரூகர் பகுதியில் விடிகாலை பத்து டிகிரிக்குக் கீழே போகும்; காலஹாரியில் பூஜ்யத்துக்கும் கீழே. மதியம் 25-ஐத் தாண்டும். ஊட்டிக் குளிர் தெரியும் என்கிறவர்கள் கவனிக்க: இங்கே உட்காரப்போவது மேல்கூரையும் கண்ணாடியும் இல்லாத ஜீப்பில். இருட்டோடு ஐந்து, ஐந்தரைக்கு எழுப்பி, ஒரு காபியும் ரஸ்க்கும் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். ஓடும் வண்டியில் எதிர்க்காற்று முகத்தில் அறையும். கம்பளியும், சில இடங்களில் மடியில் வைத்துக்கொள்ள வெந்நீர்ப் பையும் தருவார்கள். அப்படியும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர் கண்ணில் சிறுத்தை படாது. ஸ்வெட்டர் கனம் என்று வீட்டில் வைத்துவிட்டு இரண்டு பட்டுப் புடவையை எடுத்துவந்த குடும்பங்கள் அனுபவத்தில் சொல்லும்.

பைனாகுலர் ஆளுக்கொன்று என்றதைச் செலவு என்று நினைக்க வேண்டாம். புதருக்குப் பின்னால் சிறுத்தை நடந்து போவது பத்து நொடி. அப்பா பார்த்து, அம்மாவிடம் கொடுத்து, அம்மா ஃபோகஸ் திருப்புவதற்குள் வால் நுனியும் போய்விடும். 8x42 என்று குறித்திருப்பது நல்ல சமரசம்: ஆட்டம் குறைவு, மங்கிய வெளிச்சத்திலும் தெரியும். அரை லட்சத்துக்கு லென்ஸ் வாடகைக்கு எடுத்து, பைனாகுலர் இல்லாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

யாருடைய காடு, யார் வழிகாட்டி?

விலைப்பட்டியலில் கட்டில், நீச்சல்குளம் படமெல்லாம் இருக்கும். கேட்க வேண்டிய கேள்விக்கு அதில் பதில் இருக்காது: வண்டி எந்த நிலத்தில் ஓடும்?

க்ரூகர் கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். அதன் பொதுச்சாலைகளில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரில் போகலாம். தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், சாலையை விட்டு இறங்கக் கூடாது, மாலையில் முகாமுக்குள் திரும்பிவிட வேண்டும். சிங்கம் சாலையோரம் படுத்தால் முப்பது கார் மொய்க்கும். மேற்கு எல்லையை ஒட்டிய சாபி சாண்ட், டிம்பாவாட்டி போன்றவை தனியார் காப்பகங்கள். சாபி சாண்டுக்கும் க்ரூகருக்கும் இடையிலிருந்த வேலியை 1993-ல் எடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் நடமாடுவது அதே விலங்குகள்தாம். ஆனால் தனியார் பக்கம் வண்டி சாலையை விட்டு இறங்கிப் பின்தொடரலாம், இருட்டிய பிறகும் ஓடலாம், ஒரு விலங்கைச் சுற்றி இரண்டு மூன்று வண்டிக்கு மேல் நிற்க விடமாட்டார்கள். கட்டணம் பல மடங்கு ஏறுவது இதற்காகத்தான். போட்ஸ்வானாவிலும் இதே கதை. மொரெமி காப்பகத்தில் சாலையை விட்டு இறங்கவோ இரவில் ஓட்டவோ முடியாது. பக்கத்தில் உள்ளூர் மக்களின் அறக்கட்டளை நடத்தும் க்வாய் பகுதியில் இரவு சவாரி உண்டு.

அடுத்த கேள்வி, வண்டியில் எத்தனை பேர்? மூன்று வரிசை வண்டியில் வரிசைக்கு மூன்று பேர் என்றால் நடுவில் உட்காருகிறவருக்கு இரண்டு பக்கமும் முழங்கைதான் காட்சி. வரிசைக்கு இரண்டு பேர் என்று எழுத்தில் வாங்குங்கள். ஐந்தாறு பேர் கொண்ட குடும்பமானால் தனி வண்டிக்கு ஆகும் கூடுதல் தொகையைக் கேட்டுவையுங்கள். குழந்தைக்குப் பசித்தால் திரும்பலாம், பாட்டிக்கு முதுகு வலித்தால் நிறுத்தலாம், ஒரு பறவையை அரை மணி நேரம் பார்க்க ஆசைப்பட்டால் பார்க்கலாம். அறையை ஒரு படி இறக்கி இந்தச் செலவைச் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றாவது கேள்வி, வழிகாட்டி யார்? முதுமலையில் வனத்துறை வண்டியில் போய்வந்த பழக்கத்தில் நாம் வழிகாட்டியை டிரைவர் என்று நினைத்துவிடுகிறோம். தென்னாப்பிரிக்காவில் இவர்களுக்குப் படிப்படியான தேர்வும் தகுதிச் சான்றும் உண்டு. ஜிம்பாப்வேயில் முழு உரிமம் வாங்கப் பல வருடம் பிடிக்கும். துப்பாக்கிப் பயிற்சியும் அதில் சேரும். ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வாவில்தான் நடைச் சஃபாரியை நார்மன் கார் என்பவர் வளர்த்தெடுத்தார். இன்றும் அங்கே நடக்கும்போது ஆயுதம் ஏந்திய வனக்காவலர் முன்னால் போவார். க்ரூகரின் நடைப் பயணங்களில் 12 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. பல முகாம்களில் ஐந்தாறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பொது வண்டியில் ஏற்றமாட்டார்கள். பணம் கட்டும் முன் கேட்காவிட்டால் அம்மா முகாமில் குழந்தையோடு, அப்பா காட்டில் கேமராவோடு.

வண்டி முன்மூக்கில் தனி இருக்கை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் தடம் பார்ப்பவர். மணலில் பதிந்த கால்தடத்தின் விளிம்பு சரிந்திருக்கிறதா, அதன்மேல் இரவுப் பூச்சி ஊர்ந்த கோடு இருக்கிறதா என்று பார்த்து, சிங்கம் போனது நேற்று மாலையா இன்று விடிகாலையா என்று சொல்லிவிடுவார். டிப்ஸ் கொடுக்கும்போது வழிகாட்டிக்குத் தனி, இவருக்குத் தனி, சமையல், துப்புரவு ஆட்களுக்குப் பொதுப் பெட்டி. சில்லறை நோட்டாக ஊரிலிருந்தே மாற்றிப் போங்கள். காட்டில் ஏடிஎம் இல்லை.

கூடாரத்தில் முறுக்கு

சைவம் என்று ஒரு சொல் எழுதினால் போதாது. மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த சாறு எதுவும் கூடாது, பாலும் தயிரும் ஆகும் என்று வாக்கியமாக எழுதுங்கள். முகாமுக்குக் காய்கறி வருவது வாரத்துக்கு ஒருமுறை லாரியிலோ விமானத்திலோ. போய் இறங்கிச் சொன்னால் சமையல்காரர் நல்லவராக இருந்து பயனில்லை, சரக்கறையில் பருப்பு இருக்காது. ஒரு மாதம் முன்னால் சொன்னால் நன்றாகவே செய்து தருவார்கள்.

ஊறுகாய், பருப்புப்பொடி கொஞ்சம் கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை வேண்டாம். தாவரங்களைக் கொண்டுவர அனுமதிச் சீட்டு கேட்பார்கள். போட்ஸ்வானா, நமீபியாவில் கோமாரி நோயைத் தடுக்க நாட்டின் குறுக்கே கால்நடை வேலி ஓடுகிறது. சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பச்சை இறைச்சியைப் பறிமுதல் செய்வார்கள். செருப்புக் காலை மருந்து நனைத்த பாயில் மிதிக்கச் சொல்வார்கள்.

கொண்டுபோன தின்பண்டத்தைக் கூடாரத்தில் வைக்காதீர்கள். பல முகாம்களுக்கு வேலி கிடையாது. பபூன் குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியும். ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் பூங்காவுக்குள் ஆரஞ்சு மாதிரிப் பழங்களைக் கொண்டுபோகக் கூடாது. அந்த வாசனைக்கு யானை வந்து காரைப் பிளந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. முறுக்கை முகாம் சமையலறையில் கொடுத்துவைத்து, மாலைத் தேநீரில் எல்லோரோடும் சாப்பிடுங்கள்.

▪ பெட்டிச் செய்தி: குட்டி விமானம் வேண்டாம் என்பவர்களுக்கு

சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்கள் 1860 நவம்பரில் இறங்கிய ஊர் டர்பன். கோயிலும் மசாலாக் கடையும் அங்கே பஞ்சமில்லை. அங்கிருந்து காரில் மூன்று மணி நேரத்தில் லுஷ்லுவே இம்ஃபொலோஸி காப்பகம், 1895-ல் அறிவிக்கப்பட்டது. அழிவின் விளிம்புக்குப் போன தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் மீண்டு பெருகியது இங்கிருந்துதான். பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கவலையில்லை. மலேரியா மாத்திரைக்கே பயப்படுகிறவர்களுக்கு மடிக்வே, பிலானஸ்பர்க், அட்டோ ஆகியவை மலேரியா இல்லாத காடுகள்.

விசாவில் ஒரு ஓட்டை

ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி, விக்டோரியா அருவியோ போட்ஸ்வானாவோ போய், மறுபடி ஜோகன்னஸ்பர்க் வழியாக ஊர் திரும்புவதுதான் வழக்கமான பாதை. ஒருமுறை நுழையும் விசா மட்டும் வைத்திருப்பவர் திரும்ப வரும்போது வாசலில் நிற்க வேண்டிவரும். விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு என்று கேளுங்கள். பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நாட்டுக்கு நாடு முத்திரை குத்தியே தீர்த்துவிடுவார்கள்.

மஞ்சள் காய்ச்சல் இன்னொரு பொறி. தென்னாப்பிரிக்காவில் அந்த நோய் கிடையாது. ஆனால் போகும் வழியில் அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ விமானம் மாறினால் கணக்கு மாறும். எத்தியோப்பியாவும் கென்யாவும் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்று கேட்கும். விமான நிலையத்துக்கு வெளியே போய் ஒரு இரவு தங்கிவிட்டு இந்தியா திரும்பினால் நம் அதிகாரிகளும் கேட்பார்கள்; இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும். கிளம்பும் முந்தின வாரம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடிப் பயனில்லை. டிக்கெட்டில் ஐயாயிரம் மிச்சம் என்று நீண்ட இடைத்தங்கலைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் நினையுங்கள்.

பயணக் காப்பீட்டில் விமான ஆம்புலன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பாலிசியைப் படித்து உறுதி செய்யுங்கள். ஒக்கவாங்கோ நடுவில் நெஞ்சுவலி வந்தால் 108 வராது.

காண்டாமிருகத்தைப் படமெடுத்தால் இடக்குறிப்பை அணைத்துவிட்டுப் பதிவிடுங்கள். கொம்பு திருடுகிறவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள் என்பதால் காப்பகங்களே இதைக் கேட்டுக்கொள்கின்றன.

வீடு திரும்பிய பிறகு

மலேரியா தடுப்பு மாத்திரையை ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பிறகு ஏழு நாள். டாக்ஸிசைக்ளின் என்றால் நான்கு வாரம். டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கன்றும். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது பொதுவாகக் கொடுப்பதில்லை. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எழுதிக்கொடுத்த மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கிறதா என்று கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே விசாரியுங்கள்.

மாத்திரை சாப்பிட்டாலும் நூற்றுக்கு நூறு பாதுகாப்பு இல்லை. அங்கே பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. தாமதித்தால் மூளையைத் தாக்கி ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும். திரும்பி வந்த சில வாரங்களில், சில மாதங்கள் கழித்துக்கூட, காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் போட்டுப் படுக்காதீர்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றதும் டெங்கு, வைரல் என்றுதான் யோசிப்பார்கள். அதனால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல், எந்த நாட்டுக்கு எந்தத் தேதியில் போய்வந்தீர்கள், என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று நீங்களே முதலில் சொல்லி, அன்றே மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால் மறுநாள் திரும்பவும் எடுக்க வேண்டும்.